இரும்புக்கு விட்ட இடம்

ராயபுரத்துப் பிள்ளைகள் தாலாட்டோடு சேர்த்துக் கேட்டு வளர்வது ரயிலின் ஓசை. துறைமுகத்துக்குச் சரக்கு சுமந்து செல்லும் வண்டிகளும், கொருக்குப்பேட்டையைத் தாண்டித் திருவொற்றியூர், எண்ணூர் என்று வடக்கு நோக்கி விரையும் வண்டிகளும் இரவு பகலாக வடசென்னையை ஊடுருவிச் செல்கின்றன. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்டதும் இவ்வூரிலிருந்துதான். 1856 ஜூன் 28ஆம் நாள் சென்னை ஆளுநர் ஹாரிஸ் பிரபு ராயபுரம் நிலையத்தைத் திறந்து வைத்தார். ஜூலை முதல் நாள் தொட்டுப் பொதுமக்கள் வாலாஜா ரோடு வரை ஏறத்தாழ 100 கிலோமீட்டர் பயணம் செய்யத் தொடங்கினர். அதற்கு மூன்றாண்டுகள் முன்னதாகவே, 1853இல், பம்பாய்க்கும் தாணாவுக்கும் இடையே பயணிகள் வண்டி ஓடிவிட்டது. ஆயினும் அந்தப் பழைய நிலையக் கட்டடங்கள் இன்று இல்லை. எனவே இந்தியாவில் எஞ்சி நிற்கும் ரயில் நிலையங்களுள் மூத்தது என்னும் சிறப்பு நம் ராயபுரத்துக்கே உரியதாயிற்று.

நிலையத்தின் தூண்களை வியந்து பார்ப்போர் பலர். ஆனால் அதன் முன்னே நீண்டு கிடக்கும் தண்டவாளத்தைக் குனிந்து பார்ப்போர் மிகச் சிலர். அந்தத் தண்டவாளம் ஒரே இரும்பாக வார்க்கப்பட்டு வந்ததன்று. துண்டு துண்டாக வந்து, மனிதர் கைகளால் ஒன்றோடொன்று இணைக்கப்பட்டது. ஒரு பாதையின் தரம் அதன் நடுப்பகுதியில் தெரிவதில்லை. இரண்டு துண்டுகள் சந்திக்கும் இடத்தில்தான் தெரியும். இந்த உண்மையை நாம் கற்றது பெரிய ரயில் பாதையில் அன்று. நம் வீட்டுக் கொல்லையில், விரல் பருமன்கூட இல்லாத பொம்மை ரயில் பாதையில்தான். கற்பித்தவர் நம் மாமனார்.

அவர் ரயில்வேயில் கேங்மேனாகச் சேர்ந்து, பின்னர் கீமேனாக உயர்ந்து, கொருக்குப்பேட்டைக்கு வடக்கே உள்ள பாதையில் நெடுங்காலம் பணியாற்றியவர். கீமேன் என்றவுடன் சாவிக்கொத்தோடு நிற்கும் காவலாளியை எண்ணிவிட வேண்டாம். தண்டவாளத்தைச் சிலிப்பர் கட்டையோடு இறுக்கிப் பிடித்திருக்கும் இரும்பு ஆப்புக்கு ரயில்வேயில் 'கீ' என்று பெயர். வண்டிகளின் அதிர்வில் அது தளர்ந்து கழன்றுவிடும். சுத்தியலும் ஸ்பேனரும் தோளில், சிவப்பு, பச்சைக் கொடிகள் கையில், ஆபத்துக் காலத்தில் வண்டியை நிறுத்தத் தண்டவாளத்தின் மேல் வைக்கும் வெடிகள் பையில். இவற்றோடு தமக்கென வகுக்கப்பட்ட சில மைல் பாதையை நாள்தோறும் நடந்து, கழன்ற ஆப்பை அடித்து, தளர்ந்த போல்ட்டை முறுக்குவதே கீமேனின் கடமை. மழை நாளும் பெருநாளும் அவருக்கு ஒன்றுதான்.

எண்பது வயதைக் கடந்த அவருக்கு இன்று காது கேட்பதில்லை. முன்பெல்லாம் இரவில் படுத்தபடியே, கடந்து செல்லும் வண்டியின் 'தடக் தடக்' ஓசையைக் கேட்டு, "இன்ன இடத்து இணைப்புத் தாழ்ந்திருக்கிறது" என்று சொல்லுவார். அந்தக் காதுகளை இரும்போசையே கொண்டு போயிற்றோ, முதுமை கொண்டு போயிற்றோ, இறைவனே அறிவான். கேட்காத காரணத்தால் அவர் பேச்சும் குறைந்தது. பேரப்பிள்ளைகள் அவரிடம் சலாம் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். வீட்டின் நடுவில் இருந்தும் அவர் தனியராய் இருந்தார். இது எத்தனையோ குடும்பங்களில் முதியோர்க்கு நேர்வது, வாசகர்கள் அறியாததன்று.

இந்நிலையில்தான் நம் மகனுக்குச் சிங்கப்பூரிலிருந்து அவனுடைய தாய்மாமன் ஒரு பொம்மை ரயில் தொகுதியை அனுப்பி வைத்தார். பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி 2002இல் திறக்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தைப் பார்த்து வந்த நாள் முதலாக அவனுக்கு ரயில் பித்து. வந்த பெட்டியில் எஞ்சினும் நான்கு பெட்டிகளும் இருந்தன. அவற்றோடு வளையும் தண்டவாளத் துண்டுகள் முப்பது இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு கெஜம், அதாவது 914 மில்லிமீட்டர் நீளம். இரு தண்டவாளங்களுக்கு இடையே அகலம் 16.5 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் சிலிப்பர் கட்டைகளின் மேல் தண்டவாளங்கள் வழுக்கி நகரும்படி பொருத்தப்பட்டிருப்பதால், இத்துண்டை நாம் விரும்பிய வளைவுக்கு வளைத்துக்கொள்ளலாம். கொய்யா மரமும் கறிவேப்பிலையும் நிற்கும் நம் கொல்லையில் சாம்பல் செங்கற்களை வரிசையாகப் பதித்து, அதன்மேல் பாதை அமைப்பது என்று முடிவாயிற்று. "நன்னா வந்து சொல்லிக் கொடுக்கட்டும்" என்றான் மகன். காகிதத்தில் எழுதிக் காட்டினான். கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

வளையும் தண்டவாளத்தை இணைப்பது பார்வைக்கு எளிது. ஒரு துண்டின் முனையில் சிறிய உலோகத் தகட்டைச் செருகி, அடுத்த துண்டை அதில் நுழைத்துவிட்டால் முடிந்தது என்று தோன்றும். அவ்வாறு அவசரமாக இணைத்த பாதையில் எஞ்சின் ஒவ்வோர் இணைப்பிலும் துள்ளும். வளைவில் தடம் புரளும். மாமனார் முதலில் ஒரு துண்டைக்கூட இணைக்க விடவில்லை. முனைகளைத் தயார் செய்வதிலேயே ஒரு மாலைப் பொழுது கழிந்தது.

அவர் வகுத்த முறை இது. முதலாவது, தண்டவாளத்தின் முனை செங்குத்தாக வெட்டப்பட்டிருக்க வேண்டும். வெட்டும் கருவி நசுக்கிய முனையை மெல்லிய அரத்தால் நேராக்கி, ஓரங்களில் நிற்கும் பிசிறுகளை உப்புத்தாளால் போக்க வேண்டும். இரண்டாவது, தண்டவாளத்தின் அடிப்பகுதியின் மூலைகளை ஒரு மயிரிழை அளவு சரித்து அராவ வேண்டும். அப்போதுதான் இணைப்புத் தகடு நெளியாமல், வலுக்கட்டாயம் இன்றி ஏறும். மூன்றாவது, இரு முனைகளிலும் கடைசிச் சிலிப்பர் கட்டையில் தண்டவாளத்தைப் பற்றியிருக்கும் சிறு பற்களைக் கத்தியால் சீவி எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் தகட்டுக்கு இடமின்றி, இணைப்பு மேடாகத் தூக்கிக்கொள்ளும். இணைத்து முடித்தபின், அந்தக் கட்டையையே அடிப்புறம் தேய்த்து மெலிதாக்கி மறுபடியும் உள்ளே செருகிவிட்டால், பார்ப்பவர் கண்ணுக்கு இணைப்பு இருக்கும் இடமே தெரியாது. நான்காவது, தகட்டின் மடிப்புக்குள் இரு தண்டவாளங்களின் அடியும் நுழைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒன்று நுழைந்து மற்றொன்று மேலேறி நிற்பதுதான் இவ்வேலையில் அடிக்கடி நேர்வது. நேராகப் பார்த்தால் தெரியாது.

அதைக் கண்டறிய அவரிடம் ஒரு கருவி இருந்தது. கட்டை விரலின் நகம். இணைப்பின் மேலும், உட்புற ஓரத்திலும் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்ப்பார். "நகம் தடுக்கினால் சக்கரமும் தடுக்கும்" என்பார். காது போன பின்னும் அவருக்குக் கை இருந்தது. நம் மகன் தன் நகத்தை ஓட்டினான். அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை. கிழவர் அவன் விரலைப் பிடித்து, திசையை மாற்றி ஓட்டச் செய்தார். இப்போது அவன் முகம் மலர்ந்தது. ஒரு புறமிருந்து போகும்போது தெரியாத படி, மறுபுறமிருந்து வரும்போது தெரிகிறது. வண்டி இரு திசையிலும் ஓடும் என்பதால், நகமும் இரு திசையிலும் ஓட வேண்டும்.

நேர்ப்பாதை முடிந்து வளைவுக்கு வந்தபோது கணக்கு ஒன்று குறுக்கிட்டது. நேராக இருக்கும்போது துண்டின் இரு தண்டவாளங்களும் சமமாக முடிகின்றன. வளைத்தவுடன் உள்பக்கத் தண்டவாளம் முனையில் நீட்டிக்கொண்டு வெளியே வருகிறது. காரணம் எளியது: வளைவில் உள்வட்டம் சிறியது, வெளிவட்டம் பெரியது, இரண்டு தண்டவாளங்களும் ஒரே நீளம். எவ்வளவு நீட்டும்? நம் கொல்லையின் கோடியில் பாதை அரைவட்டமாகத் திரும்புகிறது. அந்த அரைவட்டம் முழுவதிலும் சேர்ந்து வரும் வேறுபாடு 5 சென்டிமீட்டருக்குச் சற்று மேல். வியப்பு என்னவென்றால், வளைவு பெரிதானாலும் சிறிதானாலும் இந்த அளவு மாறுவதில்லை. இரு தண்டவாளங்களுக்கு இடையே உள்ள தூரத்தையும் திரும்பும் கோணத்தையும் மட்டுமே அது பொறுத்தது. 1676 மில்லிமீட்டர் அகலமுள்ள நம் நாட்டு அகலப் பாதையில் அரைவட்டம் திரும்பினால் அதே கணக்குப்படி ஐந்து மீட்டருக்கு மேல் வேறுபாடு வரும். பள்ளிக்கூடத்தில் வட்டத்தின் சுற்றளவை மனப்பாடம் செய்திருந்த பையனுக்கு, அந்தச் சூத்திரம் கொல்லையில் உயிரோடு நெளிவதைக் காணும் பேறு கிட்டிற்று.

நீட்டிய முனையை வெட்டிவிட்டு இரு இணைப்புகளையும் எதிரெதிரே வைக்கலாம். பலர் அப்படித்தான் செய்வார்கள். மாமனார் சம்மதிக்கவில்லை. வளைத்த துண்டுக்குத் தன் பழைய நேர்நிலைக்குத் திரும்பும் இயல்பு உண்டு. இரண்டு இணைப்புகளும் ஒரே இடத்தில் எதிரெதிரே அமைந்தால், அந்த இடத்தில் வளைவு முறிந்து ஒரு கோணம் உண்டாகிவிடும். ஆகவே நீட்டிய தண்டவாளத்தை வெட்டாமல் அடுத்த துண்டின் கட்டைகளுக்குள் வழுக்கிச் செலுத்தி, அங்கே உள்ள தண்டவாளத்தை அதற்கு ஈடாகப் பின்னே தள்ளி, ஒருபக்க இணைப்பு முன்னும் மறுபக்க இணைப்பு பின்னுமாக அமைத்தார். ஒரு பக்கம் பலவீனமாய் இருக்கும் இடத்தில் மறுபக்கம் முழு இரும்பு துணை நிற்கிறது. நம் நாட்டு ரயில்வேயிலும் நேர்ப்பாதையில் இணைப்புகளை எதிரெதிரே வைப்பதும், கடும் வளைவுகளில் முன்பின்னாக மாற்றி வைப்பதும் வழக்கம். வளைவு மிகக் கூர்மையாக இருந்த ஓரிடத்தில் மட்டும், இரண்டு துண்டுகளை நேராகக் கிடத்தி ஈயப்பற்று வைத்து ஒன்றாக்கி, அதன்பின் ஒரே துண்டைப் போல வளைத்தோம். வளைத்தபின் பற்ற வைத்தால் கோணம் அப்படியே உறைந்துவிடும்; பற்ற வைத்தபின் வளைத்தால் வளைவு சீராக ஓடும். முறை ஒன்றுதான், முன்பின் மாறினால் பலன் மாறுகிறது.

இவ்வளவும் செய்தபின், மகனுக்குப் பெருங்குழப்பம் ஒன்று வந்தது. முனைகளை இத்தனை நேர்த்தியாக அராவிய நன்னா, இரண்டையும் ஒட்டி வைக்காமல் நடுவில் இடைவெளி விடச் சொல்கிறாரே! ஒட்ட வைத்தால்தானே அழகு? கிழவர் வாயால் விளக்கவில்லை. மொட்டை மாடியில் ஒரு சோதனைக்கு ஏற்பாடு செய்தார். மே மாதத்து விடியற்காலையில், நான்கு நான்கு துண்டுகளாக இரண்டு வரிசைகளை நேராகப் பலகை மேல் வைத்தோம். ஒரு வரிசையில் ஒவ்வோர் இணைப்பிலும் இடைவெளி. மற்றதில் எல்லாம் இறுக ஒட்டியவை. இரண்டு வரிசைகளின் முனைகளையும் அசையாதபடி ஆணியடித்துவிட்டுக் கீழே இறங்கினோம். லுஹர் தொழுகை முடிந்து மேலேறிப் பார்த்தபோது, இடைவெளி விட்ட வரிசை கயிறு பிடித்ததுபோல் நேராகக் கிடந்தது. ஒட்டிய வரிசை நடுவில் ஓரங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் விலகி, பாம்பு போல் நெளிந்து நின்றது.

நம் மகன் கணக்குப் போட்டான். இத்தண்டவாளம் 'நிக்கல் சில்வர்' எனப்படும் கலவை. பெயரில் வெள்ளி இருந்தாலும் உள்ளே இருப்பவை செம்பும் நிக்கலும் துத்தநாகமுமே. இதன் வெப்பநிலை 30 பாகை உயர்ந்தால் ஒரு கெஜத் துண்டு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக நீள்கிறது. நான்கு துண்டுகளுக்கும் சேர்த்து இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இரண்டு மில்லிமீட்டருக்கு இடம் தரவில்லை. அது ஓரங்குலத்தை எடுத்துக்கொண்டது. இதைக் கண்டு நாமும் மலைத்தோம்.

பெரிய பாதையில் இதன் அளவு என்ன என்பதை மாமனார் காகிதத்தில் எழுதிக் காட்டினார். 13 மீட்டர் நீளமுள்ள இரும்புத் தண்டவாளம் 40 பாகை வெப்ப மாறுதலில் 6 மில்லிமீட்டர் நீள்கிறது. ஒரு கிலோமீட்டரில் இத்தகைய துண்டுகள் ஏறத்தாழ 77. மொத்த நீட்சி 46 சென்டிமீட்டர், அதாவது ஒரு முழம். சென்னையில் 2003 மே மாத இறுதியில் வெயில் 45 பாகை செல்சியசைத் தொட்டது. அத்தகைய நாளில் வெயிலில் கிடக்கும் தண்டவாளம் காற்றைவிட இன்னும் பதினைந்து இருபது பாகை கூடுதலாகக் கொதிக்கும். ஒரு முழம் இரும்புக்கு ஒதுங்க இடம் இல்லையென்றால், அது பாதையையே பிடுங்கிக்கொண்டு வெளியே பாயும். அதற்காகவே இரண்டு துண்டுகளுக்கு நடுவே இடைவெளி விட்டு, இருபுறமும் தகடு வைத்து நான்கு போல்ட்டுகளால் பிணைக்கிறார்கள். தண்டவாளத்தில் இடும் துளை போல்ட்டைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். பிடித்தும் இருக்க வேண்டும், நகரவும் வேண்டும். அந்தத் தகடு துருவேறிப் பிடித்துக்கொள்ளாமல் இருக்க, ஆண்டுக்கொருமுறை குளிர் மாதங்களில் கழற்றி மசகு பூசுவார்கள்.

இத்தகட்டுக்கு 'பிஷ்பிளேட்' என்று பெயர். இங்கிலாந்தின் வில்லியம் பிரிட்ஜஸ் ஆடம்ஸ் என்னும் பொறியாளர் 1847இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். காசிமேட்டை அடுத்து வாழும் நமக்கு இது மீன் வடிவம் என்றே தோன்றும். உண்மையில் இது கப்பலோட்டிகளின் சொல். பலமிழந்த பாய்மரத்தின் இருபுறமும் மரச் சட்டங்களை வைத்துக் கட்டி வலுவூட்டுவதை அவர்கள் அந்தப் பெயரால் அழைத்தார்கள். துறைமுகத்து மக்களாகிய நமக்கு மீன் வழியாக இல்லாவிட்டாலும் மரக்கலம் வழியாக இச்சொல் உறவாகிறது.

இடைவெளி எவ்வளவு என்பதையும் காலமே தீர்மானிக்கிறது. டிசம்பர் மாதத்துக் குளிர்ந்த காலையில் பாதை இடுபவர் முழு இடைவெளி விட வேண்டும். ஏனெனில் இரும்பு இனி நீளவே போகிறது. மே மாத நண்பகலில் இடுபவர் அதே அளவு விட்டால், குளிர் காலத்தில் பிளவு பெரிதாகிச் சக்கரம் இடித்து முனை சிதையும். நாம் பாதையிட்டது விடியற்பொழுதில். அரை மில்லிமீட்டர் கனமுள்ள கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றைத் துண்டுகளாக நறுக்கி, ஒவ்வோர் இணைப்பிலும் நடுவே செருகி, அளவு பிடித்தபின் உருவி எடுத்தோம். இரு குடும்பங்கள் இணைவதைச் 'சம்பந்தம்' என்கிறோம். அந்த அட்டை மணமக்களை வாழ்த்தும் பணியை முடித்துக்கொண்டு, இரும்புகளின் சம்பந்தத்துக்கும் பயன்பட்டது. ஒட்டி உறவாடுவதே பாசம் என்று எண்ணி, புதிதாக வந்த மருமகளுக்கு மூச்சுவிட இடம் தராத வீடுகள் வெயில் காலத்தில் என்ன ஆகின்றன என்பதைப் பெரியோர் அறிவர். அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இடைவெளி விட்டதனால் வேறொரு தொல்லை வந்தது. பொம்மை எஞ்சினுக்கு மின்சாரம் தண்டவாளத்தின் வழியேதான் செல்கிறது. வீட்டுக்குள் என்றால் இணைப்புத் தகடே அதைக் கடத்திவிடும். ராயபுரத்தின் உப்புக்காற்று வீசும் கொல்லையில் சில வாரங்களிலேயே தகட்டுக்குள் பச்சைக் களிம்பு ஏறும். ஆகவே ஒவ்வொரு துண்டின் அடியிலும் மெல்லிய கம்பியைப் பற்றவைத்து, செங்கல்லின் ஓரமாக ஓடும் கனத்த செம்புக் கம்பியோடு சேர்த்தோம். பிடித்து வைப்பது தகட்டின் வேலை. மின்சாரம் கொண்டு போவது கம்பியின் வேலை. ஒன்றின்மேல் இரண்டு பாரங்களையும் ஏற்றவில்லை.

இன்று பெரிய பாதைகளில் இவ்விணைப்புகள் அருகி வருகின்றன. தண்டவாளங்களை உருக்கி ஒட்டி நெடுந்தூரம் ஒரே துண்டாக்கிவிடுகிறார்கள். ஹான்ஸ் கோல்ட்ஷ்மிட் என்னும் ஜெர்மன் வேதியியலார் 1895இல் காப்புரிமை பெற்ற முறை இதற்கு உதவுகிறது. அலுமினியத் தூளையும் இரும்புத் துருவையும் கலந்து பற்றவைத்தால், கடும் வெப்பத்தில் உருகிய இரும்பு வழிந்து இரு முனைகளையும் ஒன்றாக்குகிறது. அப்படியானால் அந்த ஒரு முழம் நீட்சி எங்கே போயிற்று என்று நம் மகன் கேட்டான். நல்ல கேள்வி. கனத்த காங்கிரீட் கட்டைகளும் அவற்றைப் புதைத்திருக்கும் ஜல்லியும் இரும்பை நகரவிடாமல் பிடித்திருக்கின்றன. நீள முடியாத இரும்பு அந்த இறுக்கத்தைத் தனக்குள்ளேயே தாங்கிக்கொள்கிறது. இரு கோடிகளில் மட்டும் நகர்ந்து கொடுக்கும் தனி அமைப்பு வைக்கிறார்கள். ஜல்லி குறைந்தால், பிடி தளர்ந்தால், வெயில் நாளில் அந்த இறுக்கம் வெளியே வரும். ஆகவே இணைப்பு மறைந்தாலும் கண்காணிப்பு மறையவில்லை.

அதனோடு ஓர் ஓசையும் மறைந்து வருகிறது. பழைய பாதையில் 47 நொடிகளில் எத்தனை 'தடக்' கேட்கிறதோ, அதுவே வண்டி மணிக்கு ஓடும் கிலோமீட்டர் வேகம். 13 மீட்டர் துண்டுகளுக்குப் பொருந்தும் இக்கணக்கை மாமனார் மகனுக்கு எழுதிக் கொடுத்தார். அதைப் பயன்படுத்திப் பார்க்க இன்று அவனுக்குப் பாதை கிடைப்பது அரிது. அவருக்கோ காது இல்லை.

இவ்வளவு நுணுக்கம் பொம்மைக்கு எதற்கு என்று வந்தவர் ஒருவர் கேட்டார். அவருக்கு மாமனார் விடை சொல்லவில்லை. பிறகு மகனிடம் மட்டும் சொன்னார்: "தம்பி, கீமேன் ஒரு போல்ட்டை முறுக்குவதை யாரும் பார்ப்பதில்லை. முறுக்காமல் போனால் உலகமே பார்க்கும்." அவர் சொன்னது மிகையன்று. 2013 ஜூலை 12 அன்று பிரான்சில், பாரிசுக்குத் தெற்கே உள்ள பிரெத்தின்யி நிலையத்தில், ஒரு தகட்டின் போல்ட்டுகள் விடுபட்டன. தகடு எஞ்சிய ஒற்றைப் போல்ட்டைப் பற்றிக்கொண்டு திரும்பிப் பாதையின் பிளவில் சிக்கியதில் வண்டி தடம் புரண்டு ஏழு பேர் உயிரிழந்தனர். நம் நாட்டில் 2017 ஆகஸ்ட் 19 அன்று உத்தரப் பிரதேசத்தின் கதௌலி அருகே தண்டவாளத்தைச் சீராக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. அது முடியுமுன்னரே வண்டி வந்துவிட்டது. இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கையகலத் தகடும் நான்கு போல்ட்டுகளும் எத்தனை குடும்பங்களின் உணவு வேளையைத் தாங்கி நிற்கின்றன!

அதைக் காக்கும் கைகளோ பெயரற்றவை. கேங்மேன்களை இப்போது 'டிராக் மெயின்டெய்னர்' என்று அழைக்கிறார்கள், பெயர் உயர்ந்திருக்கிறது. எனினும் கொதிக்கும் இரும்பருகே குனிந்து, ஒரு பாதையில் வேலை செய்யும்போது மறுபாதையில் வரும் வண்டிக்குக் காது கொடுத்து நிற்கும் ஆபத்து மாறவில்லை. பணியிலேயே வண்டியில் அடிபட்டு மடிந்தோர் எத்தனையோ பேர். நம் மாமனாரோடு பணியாற்றியவர்களுள் ஒருவரும் அப்படிப் போனார். அவரைப் பற்றிப் பேச்சு எழுந்தால் கிழவர் எழுந்து உள்ளே போய்விடுவார். பயணச்சீட்டில் அவர்கள் பெயர் இல்லை. நிலையத்துக் கல்வெட்டிலும் இல்லை. ராயபுரத்தின் பெருமையைப் பேசும்போது ஹாரிஸ் பிரபுவோடு நிறுத்திக்கொள்ளாமல், அந்த முதல் நூறு கிலோமீட்டரில் துண்டோடு துண்டைச் சேர்த்த கைகளையும் நினைப்பது நம் கடன்.

நம் கொல்லைப் பாதை இரண்டு கோடைகளையும் இரண்டு மழைக்காலங்களையும் கடந்துவிட்டது. கொய்யா இலை விழுந்து வண்டி நிற்பதுண்டு. எறும்பு மண் தள்ளுவதுண்டு. இணைப்பில் ஒருமுறையும் தடம் புரண்டதில்லை. விடுமுறை நாள்களின் காலையில், வண்டியை ஓட்டுமுன், பேரனும் பாட்டனாரும் பாதையின் இரு கோடிகளிலிருந்து புறப்பட்டு, குனிந்து, ஒவ்வோர் இணைப்பாக நகத்தை ஓட்டிக்கொண்டு எதிரெதிரே வருகிறார்கள். அவ்வேலைக்குப் பேச்சு வேண்டியதில்லை, காது வேண்டியதுமில்லை. சென்ற வாரம் ஓரிணைப்பில் பையனின் நகம் நின்றது. கிழவர் தம் நகத்தை ஓட்டிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று தலையசைத்தார். பையன் அவர் விரலைப் பிடித்து மறுதிசையில் ஓட்டச் செய்தான். அவர் சற்று நேரம் அசையாதிருந்துவிட்டு, அரத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தார்.